ரெண்டும் இடது கால்

"இறக்காதீங்கன்னு சொல்றேன்ல—"

"ஸ்டூலைப் பிடி. ஆடுது."

"ஸ்டூல் ஆடலை, நீங்கதான் ஆடுறீங்க. இந்த வருஷம் அந்தப் பெட்டி வேண்டாம்னு நான் தொண்டை கிழிய—"

"உன் தொண்டை கிழிஞ்சது எனக்குக் கேட்டுச்சு. வருஷா வருஷம் இறங்குற பெட்டி இது—"

"வருஷா வருஷம் இறங்கினா இந்த வருஷமும் இறங்கியே ஆகணும்னு சட்டமா?"

"பிள்ளைங்களுக்கு அவங்கம்மா வாங்கி வச்சது. அதைக் குடுக்காம பரண்ல போட்டு வைக்க நான் யாரு? நீ யாரு?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு ஸ்டூல் நிஜமாகவே ஆடியது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

நீ யாரு என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. "வந்தவ" என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நோயில் கண்ணை மூடிய முதல் மனைவி "போனவ". லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் இரண்டு பேர், ஒருத்தி கண்ணுக்குத் தெரிவாள், இன்னொருத்தி தெரியமாட்டாள் என்பதுதான் வித்தியாசம். எவள் தெரிகிறவள் என்று சில நாள் வந்தவளுக்கே சந்தேகம் வரும்.

சந்தேகம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் அதிகமாகும். அந்தப் பெட்டிதான் காரணம்.

இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு போனவள் ஒரு காரியம் செய்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து கடைகளில் தள்ளுபடிப் பலகை தொங்கும் வாரங்களில், மூன்று பிள்ளைகளுக்கும் இனி வரப்போகிற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பரிசு வாங்கினாள். வாங்கி, கடையிலேயே காகிதம் சுற்றிக் கட்டி, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனாள். சிவப்பு ரிப்பன் பெரியவளுக்கு. நீலம் நடுவனுக்கு. மஞ்சள் குட்டிக்கு. எந்த வயதுக்கு எது என்று குழம்பக் கூடாதே, அதற்கு ரிப்பன் வாலில் முடிச்சுகள். வயது எத்தனையோ அத்தனை முடிச்சு. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே முடிச்சை எண்ணி அந்தந்த வருஷத்துப் பொட்டலத்தை எடுப்பார். எடுத்து, "அம்மா குடுத்து விட்டிருக்கா" என்பார், பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறவள் யார் கையிலோ கொடுத்தனுப்பின மாதிரி.

பிள்ளைகள் பிரிப்பார்கள். பூச்சி உருண்டை வாடை அறையெல்லாம் பரவும்.

போன வருஷம் பெரியவளுக்கு வந்தது ஒரு நகைப்பெட்டி, திறந்தால் பாட்டுப் பாடும். அவளோ காதில் தோடுகூடப் போடாதவள், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடி ஓடி முழங்கால் தோல் உரிந்தவள். "சூப்பரா இருக்குப்பா" என்று அவள் சிரித்த சிரிப்பு, கண்ணாடி முன்னால் பழகி வைத்துக்கொண்ட சிரிப்பு. நடுவனுக்குக் கோல்கீப்பர் கையுறை. பந்து தன் பக்கம் வந்தால் தலையில் கைவைத்துக் குனிந்துகொள்கிற பிள்ளை அவன். அப்பா முகம் வாடக் கூடாதென்று அன்றைக்குப் பூராவும் அந்தக் கையுறையைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதுகூட.

"பார்த்தியா, பிள்ளைங்களுக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக்.

ஸ்டூல் மேலிருந்து இப்போதும் அதையேதான் சொன்னார்.

"பிடிக்கலைங்க. உங்களுக்காக நடிக்குதுங்க."

"செத்தவளோட போட்டி போடுறியா நீ?"

"போட்டி இல்லை. உயிரோட இருக்கிற மூணு பேருக்கு நான் வாங்குறேன்கிறேன். அவ்வளவுதான்."

"அப்போ இந்தப் பெட்டியில இருக்கிறதெல்லாம் யாருக்காம்?"

"அதைத்தான் குட்டியும் கேக்குறா."

அவர் காதில் அது விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். "ஒண்ணு மட்டும் மறந்துடாதே. அவ இல்லேன்னா உன்னை நான் பார்த்தே இருக்கமாட்டேன்."

அது உண்மை. போனவள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில் பெரியவளின் சிவப்பு ரிப்பனைப் பிரித்தால், உள்ளே வெள்ளை ஷூ ஜோடி. ஜோடி என்று சொல்லத்தான் முடியும். ரெண்டும் இடது கால். மெக்கானிக் எந்தப் பொருளையும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர் இல்லை. தேய்ந்ததை அரம் போடுவார், உடைந்ததைப் பற்றவைப்பார், கடைக்காரனிடம் போய் நிற்பது மட்டும் மானக்கேடு அவருக்கு. அதில் ஒரு இடது ஷூவையும் நனைத்து, மரக்கட்டை வைத்து இழுத்து, வலதாக்கப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. வேறு வழியில்லாமல் கடைக்கு வந்தார். பிள்ளைகள் பிரிவில் அப்போது விற்பனைப் பெண்ணாக நின்றவள்தான் வந்தவள்.

"நாலு பேர் நின்னோம்" என்பாள், யார் கேட்டாலும். "மத்த மூணு பேரும் என்னைவிட நிறம், என்னைவிட வாய். அவங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலை. நேரா என்கிட்ட வந்து, 'ரெண்டும் இடது கால்'னு நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவருக்கும் வந்துருச்சு."

அவள் கையில் இருந்தது அந்த ஒரு சொத்துதான். தெருவில் வந்தவ என்றாலும், சுவரில் மாலை போட்ட படத்தில் தடித்த பின்னலும் தளதளவென்ற கன்னமுமாக இன்னொருத்தி சிரித்தாலும், ராத்திரி அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குவாள். நாலு பேரில் என்னைத்தானே.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. பெட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறங்கும். அவளும் வாங்கி வரலாம். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் பிரிக்கட்டும்.

அவள் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் குட்டி.

சண்டைக்கு ரெண்டு நாள் முன்னால், ஒரு சாயங்காலம் வாசல் கதவைத் திறந்தவள் காலில் ஏதோ இடறிற்று. செருப்பு வைக்கும் இடத்தில், குட்டிக்கு இதுவரை மஞ்சள் ரிப்பனில் வந்த சாமான்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. தலைக் கிளிப்புகள், பொம்மைத் தொட்டில், கண்ணாடி வைத்த சீப்பு.

"என்னடி குட்டி, கடை பரப்பி வச்சிருக்கே?"

"அவ வந்து கேட்டா குடுக்கத்தான் சித்தி."

"எவ?"

"இதெல்லாம் எவளுக்கு வாங்கினதோ, அவ."

"உனக்குத்தாண்டி வாங்கினது."

"இல்லை சித்தி." குட்டி பெரிய மனுஷி மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "அம்மா போறப்போ நான் ரெண்டு வார்த்தைதான் பேசுவேனாம். அம்மாவுக்கு என்னைத் தெரியாதுல்ல? இது வேற பொண்ணு. அவளுக்கு நீள முடி. என் முடியில கிளிப் நிக்கவே நிக்காது."

"அப்படியெல்லாம் யாரும் இல்லை."

"இருக்கா. நல்லவதான். இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலை. ஆனா இந்த வருஷமும் நானே எடுத்துக்கிட்டா கோபப்படுவா."

இரண்டு வாரமாகக் குட்டி கட்டிலின் ஓரத்தில், விழுகிற மாதிரிதான் படுத்திருந்தாள். பாதிக் கட்டில் காலி. தலையணையும் பாதி. தள்ளிப் படுக்கச் சொன்னால், "இடம் இருக்கட்டும் சித்தி" என்பாள். இருக்கட்டும் என்றது யாருக்கு என்று வந்தவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"சரி, உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு. சித்தி வாங்கித் தர்றேன்."

"அப்பா பையில சிவப்புப் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்கே, அது மாதிரி ஒண்ணு."

"போடி. அதைப் போய் யாராவது ரிப்பன் கட்டிக் குடுப்பாங்களா?"

குட்டி திரும்பிக்கொண்டாள். தொட்டிலைச் சற்று நகர்த்தி, சீப்பை நேராக வைத்தாள்.

சமாதானம் ஆன மறுநாள் கடைக்கு அவள் மத்தியானம் போனாள், கூட்டம் குறைகிற நேரம் தெரிந்தவள் ஆயிற்றே. படிக்கட்டுக் கைப்பிடியில் விளக்குச் சரம், கண்ணாடியில் பஞ்சு ஒட்டிய பனி, எல்லாம் அவள் நின்ற காலத்தில் இருந்தபடியே. பிள்ளைகள் பிரிவில் புதுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"எத்தனை வயசுக்குங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியைத்தானே ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டோம். வயசைச் சொன்னால் போதும், அலமாரியில் எந்தத் தட்டு என்று தெரிந்துவிடும். பிள்ளை எப்படிப்பட்டது என்று கேட்க நேரம் ஏது, வரிசையில் அடுத்த ஆள் முறைப்பான்.

"நான் இங்கேயே வேலை பார்த்தவம்மா. நானே பார்த்துக்கிறேன்."

பெரியவளுக்கு ஓட்டத்தை அளக்க ஒரு ஸ்டாப் வாட்ச். நடுவனுக்கு, எறும்பைக்கூட உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு, பித்தளை விளிம்பு போட்ட பூதக்கண்ணாடி. இரண்டையும் எடுத்தபோது மனசு நிறைந்தது. குட்டிக்குத்தான் சுற்றிச் சுற்றி வந்தாள். ஸ்க்ரூ டிரைவர் இந்த மாடியில் இல்லை. கீழே இரும்புச் சாமான் பிரிவில் இருக்கும். ஆனால் பரிசு என்றால் பரிசு மாதிரி இருக்க வேண்டாமா? யோசித்துக்கொண்டே இருக்கும்போது கை தானாக ஒரு தட்டுக்குப் போயிற்று. கண்ணாடி மணிகள், கோர்த்து மாலை செய்ய, அழகான பெட்டியில். எட்டு வயசுப் பெண் பிள்ளைக்கென்றால் எந்த நாளும் தோற்காத சரக்கு.

பரிசு கட்டும் மேசையில் ரிப்பன் அக்காதான் இன்னும் இருந்தாள். கடையில் அவளுக்கு வேறு பேர் கிடையாது. கத்தரிக்கோலைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருப்பாள்.

"என்னடி, இப்படி இளைச்சுட்டே! லிஃப்ட்காரர் சோறு போடுறாரா, இல்லை மேலயும் கீழயும் ஏத்தி இறக்குறதோட சரியா?"

"சோறெல்லாம் குறைவில்லைக்கா. நிம்மதிதான் இல்லை."

"ஏன், என்னாச்சு?"

கேட்டதுதான் தாமதம், வந்தவள் கொட்டிவிட்டாள். பெட்டி, முடிச்சு, நகைப்பெட்டி, கையுறை, வாசலில் வைத்த தொட்டில், காலியாக விட்ட பாதிக் கட்டில், எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே காகிதத்தை மடித்தாள்.

"பெத்த பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு தெரியாதா அக்கா ஒருத்திக்கு? எதை எடுத்தா தப்பா இருக்கும்னு தேடித் தேடி எடுத்து வச்சுட்டுப் போயிருக்கா. செத்தும் என் வீட்டை விட்டுப் போகலை அவ."

கத்தரிக்கோல் நின்றது.

"அப்படிப் பேசாதே."

"பேசுவேன். அவ எடுத்த சாமானைப் பார்த்துப் பார்த்து—"

"அவ எடுக்கலைடி."

"பின்னே?"

"ஒண்ணைக்கூட அவ எடுக்கலை. எல்லாம் நீ எடுத்தது."

அக்கா அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"தள்ளுபடி சமயத்துல ஒரு அம்மா வருவாங்களே. தலையில ஸ்கார்ஃப் கட்டி, எலும்பும் தோலுமா. படி ஏற முடியாம கைப்பிடியில சாஞ்சு நிப்பாங்க. நீதானே ஓடிப் போய் நாற்காலி போட்டே?"

நாற்காலி என்றதும் ஞாபகம் வந்தது. அந்த முகம் வரவில்லை. நாற்காலியும், அதன் கைமேல் கிடந்த மெல்லிய மணிக்கட்டும், ஒரு தணிந்த குரலும்தான் வந்தன. 'பதினாலு வயசுப் பொண்ணுக்கு நீ என்ன எடுப்பே? உன் பொண்ணா இருந்தா?' இத்தனை வயசுகளைச் சொல்கிறாளே, ஏதோ விடுதிப் பிள்ளைகளுக்கு வாங்குகிறாள் போல என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். வயசைச் சொல்லச் சொல்ல, இவள் கை தட்டுத் தட்டாகப் போயிற்று. ஸ்கார்ஃபுக்கும் சுவரில் தொங்கும் பின்னலுக்கும் எப்படி முடிச்சுப் போடுவாள்?

"அது... அது அவங்களா?"

"நாலு நாள் வந்தா. நீ எடுத்து எடுத்துக் காட்டினே. அவ சாமானைப் பாக்கலைடி. உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தா."

"அக்கா, போதும்."

"கேட்டுக்கோ. இனிமே என்னாலயும் வச்சுக்கிட்டிருக்க முடியாது. கடைசி நாள் இதே மேசைல ரெண்டு ஷூப் பெட்டியைத் திறந்தா. ஒண்ணுல இருந்து வலதை எடுத்து இன்னொண்ணுல போட்டுட்டு, அங்கே இருந்த இடதை எடுத்து இங்கே வச்சா. 'ரெண்டும் இடதும்மா'ன்னேன். 'தெரியும், கட்டுங்க'ன்னா. 'எங்க வீட்டுக்காரர் எதையும் திருப்பிக் கொண்டு வரமாட்டார், எதுன்னாலும் அவரே சரி பண்ணிப்பார். இதை மட்டும் அவரால முடியாது. வருவார்'னா. யார்கிட்ட வருவார்னு கேட்டேன். நீ அந்தப் பக்கம் ஏணியில ஏறி என்னத்தையோ எடுத்துக்கிட்டு நின்னே. அவ உன்னைத் திரும்பிப் பார்த்தா."

ரெண்டும் வலது காலாக ஒரு பெட்டி, சரக்கு அறையில் வருஷம் முழுக்க விலை போகாமல் கிடந்தது. மெக்கானிக் வந்து நீட்டியதும் ஓடிப்போய் அதை எடுத்து வந்து, 'பார்த்தீங்களா, உங்களுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி' என்று இவள்தான் சொன்னாள். அதைச் சொல்லித்தான் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லலை?"

"சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சா. சில்லுனு இருந்துச்சு அந்தக் கை. இன்னைக்கு நீ அவளைத் திட்டத் திட்ட, அவ உன் பின்னாலேயே நின்னு கேட்டுக்கிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு."

வந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அக்கா பேச்சோடு பேச்சாக மூன்று பொட்டலத்தையும் கட்டி முடித்திருந்தாள். எந்த நிறம் யாருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள். வாலில் அந்தந்த வயசுக்கு முடிச்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டி இறங்கியது. பெரியவளும் நடுவனும் பால்கனியில் விளக்குச் சரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் விரலால் முடிச்சு எண்ணி மூன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை மூடினார். பக்கத்தில் அவள் வாங்கி வந்த மூன்று. காகிதம்தான் வேறு. மடிப்பு ஒன்று, ரிப்பன் ஒன்று, முடிச்சும் ஒன்று. மங்கலான வெளிச்சத்தில் எது போனவளுடையது, எது வந்தவளுடையது என்று சொல்ல முடியாது.

குட்டி இரண்டு மஞ்சள் ரிப்பனையும் எடுத்தாள். ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். சலசல. இன்னொன்றைக் குலுக்கினாள்.

"சித்தி, ரெண்டும் ஒரே சத்தம்."

மெக்கானிக் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா? பார்த்தியா? அவளும் இதையேதான் எடுத்திருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே மனசு. சும்மா சண்டை போட்டியே!"

குட்டி சித்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அவளுக்கேதான் வாங்கிட்டு வந்தியா சித்தி?"

கோபமாகக் கேட்கவில்லை. எப்படியும் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவள் மாதிரிக் கேட்டாள். இரண்டு பொட்டலத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். செருப்பு வரிசையின் கோடியில், தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கிவிட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாள்.

திறந்த இடைவெளி வழியே காற்று உள்ளே வந்தது. சுவரில் படம் லேசாக அசைந்தது.

"குட்டி, இங்க வா." வந்தவள் கூப்பிட்டாள். "அப்பா பையில சிவப்புப் பிடி இருக்குல்ல? போய் எடுத்துக்கோ. அது உனக்கு."

"எனக்கா? அவளுக்கு இல்லையே?"

"உனக்குத்தான். ரிப்பன் இல்லை, முடிச்சு இல்லை. சித்தி உன் முகத்தைப் பார்த்துக் குடுக்கிறேன்."

குட்டி ஓடின சத்தம் உள்ளறை வரைக்கும் கேட்டது.

"என்னது? அது என் தொழில் சாமான்—"

"இன்னொண்ணு வாங்கிக்கோங்க."

"என்னடி ஆச்சு உனக்கு? கடைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்கே."

"ரிப்பன் அக்காவைப் பார்த்தேன்."

அவர் சட்டென்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பரணில் வைக்கப் போனவர், வைக்காமல், கீழேயும் இறக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுதான் தெரிந்தது. அவள் வழக்கம்போல ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷூவை அவங்கதான் மாத்தி வச்சாங்களாம். பெட்டியில இருக்கிறதையெல்லாம் எடுத்துக் குடுத்தது நான்தானாம். அது போகட்டும், அதுக்கு நான் சண்டை போடலை." ஸ்டூல் கால் அவள் கைக்குள் நடுங்கியது. அவர் நடுங்கினாரா, இவளா, தெரியவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குக் கடையில நாங்க நாலு பேர் நின்னோம். மத்தவங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காம நேரா என்கிட்ட வந்தீங்களே... அது நீங்களா வந்ததா, இல்லை அவ சொல்லி வந்ததா?"